மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பாடுங்கள்: வீட்டிலேயே குரலும் கிதாரும் பதிவு செய்ய

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ரெக்கார்டிங்குக்கு என்று நீங்கள் நினைத்து வைத்திருக்கும் அறையின் நடுவில் நின்று, ஃபேனை அணைத்துவிட்டு, ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டப்' என்று அங்கேயே அடங்கிவிட்டால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான வீடுகளில் அடங்காது. டைல்ஸ் தரை, சிமெண்ட் பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம் என்று நம் ஊர் அறைகள் ஆறு பக்கமும் கல்தான், அதனால் தட்டிய சத்தம் இரண்டு சுவர்களுக்கு நடுவே 'ட்ர்ர்ர்' என்று தகரத்தைச் சுண்டியது போல ஓடி ஓடித்தான் ஓயும். அந்த ஓட்டம் நீங்கள் பாடும் ஒவ்வொரு எழுத்தின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். மைக் விலை கூடக் கூட அது குறையாது, இன்னும் தெளிவாகக் கேட்கும்.

வீட்டில் ரெக்கார்டிங் தொடங்கப் போகிறேன் என்று சொல்கிற யாரும் முதலில் கேட்பது "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்டாண்டு, ஃபோம், சவுண்ட் கார்டு எல்லாம் சேர்த்து மலிவாகக் கிடைத்த ஒரு மைக் செட்டை வாங்கினேன், பின்னணியில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தது. சரி, மைக்தான் மோசம் என்று பணம் சேர்த்து நல்ல கண்டென்சர் மைக் வாங்கினேன். இரைச்சல் போனது, ஆனால் குளியலறைக்குள் நின்று பாடியது போன்ற அந்த ஓசை அப்படியே இருந்தது. அப்புறம் வீட்டில் ஒரு விசேஷம். வந்த உறவினர்களுக்காக வாங்கி வைத்த மெத்தைகளும் தலையணைகளும் விசேஷம் முடிந்ததும் என் அறையில் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அதை நகர்த்தச் சோம்பல்பட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்து கிதார் வாசித்துப் பதிவு செய்தேன். ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டபோது வேறு யாரோ வேறு எங்கேயோ பதிவு செய்தது போல இருந்தது, கம்பியில் விரல் படுவது தனியாக, அதற்கப்புறம் வரும் மரத்தின் நாதம் தனியாகக் கேட்டது. அதே மைக், அதே கிதார், அதே கைதான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அறையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

அறை

உங்களுக்குத் தேவை தடிமனான, காற்று உள்ளே புகக்கூடிய துணியும் பஞ்சும். இலவம்பஞ்சு மெத்தை இதற்கு மிகவும் நல்லது, வீட்டில் பழையது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள், மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். நாம் வாங்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்ட் வகை, அதாவது முன்னால் இருப்பதை நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் இருப்பதை அவ்வளவாகக் கேட்காது. மைக் உங்கள் முகத்தைப் பார்க்கிறது என்றால், அது உங்கள் தோளுக்கு மேலே உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சேர்த்தே பார்க்கிறது. ஆகவே முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால். சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாய்த்தால், கீழ்ஸ்தாயி ஓசைகளையும் ஓரளவு அடக்கும். இரண்டாவது மெத்தை இருந்தால் பக்கவாட்டில். தரையில் ஜமக்காளம், ஒன்று போதாது, மடித்து இரண்டாகப் போடுங்கள். பவானி ஜமக்காளம் மாதிரிக் கெட்டியாக நெய்தது என்றால் இன்னும் நல்லது.

முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது சத்தத்தைத் தடுக்கவும் தடுக்காது, உருப்படியாக உறிஞ்சவும் செய்யாது. ஆன்லைனில் விற்கும் ஓர் அங்குல ஃபோம் சதுரங்களும் மேல்ஸ்தாயி ஓசையை மட்டும் தின்றுவிட்டுக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகிவிடும். அந்தப் பணத்துக்கு இரண்டு கெட்டிக் கம்பளி வாங்கிக் கொடியில் தொங்கவிடலாம்.

இன்னொன்று, அறையில் இரும்பு பீரோ இருக்கிறதா? கிதாரில் தடித்த கம்பியை மீட்டும்போது பீரோவின் கைப்பிடியோ சாவிக்கொத்தோ 'கிர்ர்' என்று கூடவே அதிரும். வாசிக்கும்போது நம் காதுக்குத் தெரியாது, பதிவில் தெரியும், அதுவும் ஹெட்ஃபோனில் கேட்கும்போதுதான் தெரியும். சாவியைக் கழற்றிவிடுங்கள், கைப்பிடியில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். துணி அடுக்கிய மர அலமாரி என்றால் கதவைத் திறந்தே வையுங்கள், அதுவும் ஒரு மெத்தை மாதிரிதான்.

வெளிச் சத்தத்தை வீட்டில் நிறுத்த முடியாது, நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எங்கள் தெருவில் இரவு பதினொன்றரைக்கு மேல் நாய்கள் ஓய்ந்த பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். உங்கள் தெருவுக்கு என்று ஒரு நேரம் இருக்கும், இரண்டு நாள் கவனித்தால் பிடிபட்டுவிடும். ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும், இதில் சமரசமே கிடையாது. வியர்க்கும், அதனால் ஒரு டேக், அதாவது ஒரு முறை பதிவு செய்வது, முடிந்ததும் ஃபேனைப் போட்டு, பக்கத்தில் வைத்த துண்டால் கையையும் கிதார் கழுத்தையும் துடைத்துவிட்டு, சுருதி சரிபார்த்துவிட்டு அடுத்த டேக்குக்குப் போங்கள். ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டால் அதையும் அணைக்கலாம், ஆனால் அணைத்ததும் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், மறுநாள் கிளம்பும்போது மாவும் பாலும் நினைவுக்கு வந்துவிடும்.

என்னென்ன வாங்குவது

மைக்கை நேராக லேப்டாப்பின் ஹெட்செட் ஓட்டையில் செருகுவது சரிவராது. நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை உயர்த்தி, டிஜிட்டலாக மாற்றி, யுஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தருவது அதன் வேலை. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் அதுதான் கொடுக்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் ஒரு மைக் உள்ளீடும் ஒரு கிதார் உள்ளீடும் உண்டு, ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யுஎம்சி202ஹெச்டி இரண்டிலும் இரண்டு மைக் போடலாம். நீங்கள் பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால், இன்று ஒரு மைக்தான் இருந்தாலும், இரண்டு மைக் போடும் பெட்டியையே வாங்குங்கள். மைக்கைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், பெட்டியில் பிறகு ஓட்டை போட முடியாது. கையில் காசு மிகவும் குறைவு என்றால் பெரிங்கரின் சின்ன யுஎம்2 கூடத் தொடங்கப் போதும்.

மைக்கில் இரண்டு வழிகள். கண்டென்சர் மைக், உதாரணத்துக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020, கிதாரின் மினுமினுப்பையும் மூச்சையும் நுணுக்கமாகப் பிடிக்கும், அதே நுணுக்கத்தோடு பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் பிடிக்கும். டைனமிக் மைக், அதாவது ஷூர் எஸ்எம்57, எஸ்எம்58 மாதிரி, வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பெரிதாகக் கேட்கும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. எஸ்எம்57 வந்தது 1965இல், எஸ்எம்58 அதற்கு அடுத்த ஆண்டு, இன்றும் உலகம் முழுக்க மேடைகளில் அவைதான் நிற்கின்றன, கீழே விழுந்தாலும் சாகாத மைக்குகள். என் கருத்தைக் கேட்டால், மெத்தையெல்லாம் போட்டு அறையை அடக்க முடிந்தவர்கள் கண்டென்சர் வாங்குங்கள், கிதாருக்கு அந்த வித்தியாசம் உடனே கேட்கும். மெயின் ரோட்டு மேலேயே வீடு, தனி அறையும் கிடையாது என்றால் யோசிக்காமல் டைனமிக். இணையத்தில் பேட்டி எடுப்பவர்கள் முன்னால் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி மேல் பலருக்கு ஆசை இருக்கிறது. அதன் சிக்னல் மிகவும் மெல்லியது, குறைந்தது 60 டெசிபெல் உயர்த்த வேண்டும், மலிவான இன்டர்ஃபேஸ் அந்த அளவுக்கு முறுக்கினால் இரைந்துவிடும். இப்போதைக்கு அது வேண்டாம். யுஎஸ்பி மைக் வசதிதான், ஆனால் நாளைக்கு இரண்டாவது மைக் சேர்க்க நினைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

விலை மாறிக்கொண்டே இருக்கும், என்றாலும் மைக் பத்தாயிரத்துக்கு முன்னே பின்னே, இன்டர்ஃபேஸும் ஏறக்குறைய அதே, ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிளுக்கு இன்னும் கொஞ்சம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் எஸ்எம்58 வாங்கும்போது கவனம், சந்தையில் போலி நிறைய, விற்பவர் முன்னாலேயே பாடிப் பதிவு செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடும் வகையாக இருக்க வேண்டும், ஆடியோ டெக்னிகா எம்20எக்ஸ் போன்றவை. திறந்த வகையில், தாளம் தவறாமல் இருக்கப் போடும் மெட்ரோனோமின் 'டிக் டிக்' வெளியே கசிந்து உங்கள் அழகான மென்மையான பல்லவியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டாண்டு, தரையில் நின்று குறுக்கே கை நீட்டும் பூம் ஸ்டாண்டாக இருக்கட்டும். மேசை மேல் வைக்கும் குட்டி ஸ்டாண்டில் நீங்கள் காலால் தாளம் போடுவது முழுக்க ஏறும். மைக்கை இன்டர்ஃபேஸில் இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள் மூன்று மீட்டர் போதும். பாடும்போது வாயிலிருந்து அடிக்கும் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரை மட்டும் வீட்டிலேயே செய்யலாம்: எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் காலுறையை இரண்டு அடுக்காக இழுத்து மாட்டினால் போதும், கடையில் வாங்குவது செய்யும் வேலையை இதுவும் செய்யும்.

கணினியில் எந்த மென்பொருள் என்று ரொம்ப யோசிக்காதீர்கள். ஐபோனோ மேக்கோ இருந்தால் கேரேஜ்பேண்ட் இலவசம். மற்றவர்களுக்கு ரீப்பர், 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டாலர். ஆடாசிட்டியும் இலவசம்தான், எளிமையானது.

கிதாருக்கு மைக் வைப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும், காசு செலவாகாது. கிதாரின் நடுவில் இருக்கும் வட்ட ஓட்டையிலிருந்துதானே சத்தம் வருகிறது என்று மைக்கை நேராக அங்கே காட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த ஓட்டைக்குள் இருக்கும் காற்று, பானை வாயில் ஊதினால் வருவது போல, தனக்கென்று ஓர் அதிர்வை வைத்திருக்கிறது, பெரும்பாலான கிதார்களில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். ஆகவே ஜி கார்டு வரும்போதெல்லாம் 'பூம்' என்று வீங்கும், மற்ற கார்டுகள் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேராக, ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் வைத்துத் தொடங்குங்கள். அதன் மூக்கை மட்டும் கொஞ்சமாக ஓட்டைப் பக்கம் திருப்பலாம், ஓட்டையையே பார்க்கக் கூடாது. இப்போது பத்து நொடி வாசித்துப் பதிவு செய்யுங்கள், கேளுங்கள். மெலிந்து கம்பிச் சத்தம் மட்டும் கேட்டால் இரண்டு விரல்கடை உடல் பக்கம் நகர்த்துங்கள், கடகடவென்று கனமாக இருந்தால் கழுத்துப் பக்கம். இப்படி ஐந்தாறு இடங்களில் பதிவு செய்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் "இரண்டு விரல் வலது", "ஒரு சாண் தூரம்" என்று வாயால் சொல்லிவிடுங்கள், பிறகு கேட்கும்போது எது எது என்று குழம்ப மாட்டீர்கள். எனக்கு இந்த வேலை முதல் நாள் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கிடைத்த இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தேன், நாற்காலியின் நான்கு கால்களுக்கும் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும். இன்றைக்கு உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் தயார்.

நண்பர் யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது. அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறு காதை கிதாருக்கு முன்னால் மெல்ல நகர்த்துங்கள். எங்கே உங்களுக்குப் பிடித்த மாதிரிக் கேட்கிறதோ அங்கே மைக்.

கிதாருக்குள் பிக்கப், அதாவது அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சின்னக் கருவி, இருந்தால், அதிலிருந்து நேராகக் கேபிள் போட்டுப் பதிவு செய்யலாமே என்று தோன்றும். பீசோ பிக்கப்பின் ஓசை மேடைக்குச் சரி, வீட்டில் தனியாகக் கேட்கும்போது ரப்பர் பேண்டை இழுத்துவிட்டது போலத் தட்டையாக இருக்கும். மைக்கோடு சேர்த்து ஒரு காப்பாக அதையும் இன்னொரு டிராக்கில் பதிவு செய்துவையுங்கள், அவ்வளவுதான். கம்பி பழசாக இருந்தால் எந்த மைக்கும் காப்பாற்றாது, பதிவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே புதுக்கம்பி போட்டு வாசித்துப் பழக்கிவிடுங்கள், அன்றைக்கே போட்டால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

குரலுக்கு

கண்டென்சர் என்றால் வாயிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு, நடுவில் பாப் ஃபில்டர். டைனமிக் என்றால் நாலு விரல்கடை. கார்டியாய்ட் மைக்கை நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி பெருக்கும், மெல்லிய குரல்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஏற்கெனவே கனத்த குரல் என்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

'பாப்பா', 'பம்பரம்', 'பூப்பறிக்க' என்று சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். 'ப' வரும் இடமெல்லாம் 'புஃப்' என்று காற்று அடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்துக்கு ஏற்றிக் கீழ்நோக்கிச் சாயுங்கள், காற்று கீழே போய்விடும், குரல் மட்டும் ஏறும். 'ச', 'ஸ' குத்தினால் மைக்கை இரண்டு விரல் பக்கவாட்டில் திருப்பினால் தணியும். உச்சஸ்தாயிக்குப் போகும்போது தலையைக் கொஞ்சம் பின்னால் இழுப்பது மேடைப் பாடகர்களின் பழக்கம், இங்கேயும் அதைச் செய்யுங்கள், ஆனால் முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். நின்று பாடினால் மூச்சு நன்றாக வரும்.

முதலில் கிதாரை மெட்ரோனோம் கேட்டு வாசித்துவிட்டு, அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி குரலைத் தனியாகப் பாடுவதுதான் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது. ஒரு மைக் போதும், தவறு வந்தால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடலாம். ஹெட்ஃபோனில் ஒரு காதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டால் சுருதி விலகாமல் பாட வரும், அந்தப் பக்கத்து ஒலியை மட்டும் குறைத்துவிடுங்கள், கசியாது. ஆனால் பாட்டுக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் பாணியில் வாசிப்பவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தால் உயிர் போய்விடும். அவர்கள் குரலையும் கிதாரையும் சேர்த்தே பதிவு செய்யட்டும். இரண்டு மைக் என்றால் குரல் மைக்கை மேல்நோக்கி, அதன் முதுகு கிதாரைப் பார்க்கும்படியும், கிதார் மைக்கைக் கீழ்நோக்கி, அதன் முதுகு வாயைப் பார்க்கும்படியும் சாயுங்கள். ஒரே மைக் என்றால் நெஞ்சு உயரத்தில், இரண்டு சாண் தூரத்தில் வைத்து, குரல் குறைந்தால் மேலே, கிதார் குறைந்தால் கீழே என்று மூக்கை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நன்றாக அமைந்துவிட்டால் அந்த ஒற்றை மைக் பதிவில் இருக்கும் நெருக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், எதிரில் உட்கார்ந்து ஒருவர் பாடுவது போலவே இருக்கும்.

அளவும் தாமதமும்

மென்பொருளில் பதிவின் தரத்தை 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பாட்டிலேயே சத்தமான இடத்தைப் பாடிக்கொண்டு, இன்டர்ஃபேஸில் சிக்னலை உயர்த்தும் கெயின் குமிழைத் திருகுங்கள், மீட்டரின் உச்சி மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த உடைசலை அப்புறம் சரிசெய்யவே முடியாது, குறைவாகப் பதிவானதைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், 24 பிட்டில் அதற்கு நிறைய இடம் இருக்கிறது.

நீங்கள் பாடுவது ஹெட்ஃபோனில் கொஞ்சம் தாமதமாகக் கேட்டால் பாடவே வராது. மென்பொருளில் பஃபர், அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு, 1024 என்று இருந்தால் அதிலேயே 23 மில்லிசெகண்ட் போய்விடும், பதிவின்போது 128க்குக் குறையுங்கள், 3 மில்லிசெகண்ட்தான். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனமே தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிட எளிய வழி, இன்டர்ஃபேஸில் இருக்கும் டைரக்ட் மானிட்டர் சுவிட்ச். அதைப் போட்டால் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் பெட்டியிலிருந்தே காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு குரலாகக் கேட்கும்.

பதிவில் 'ம்ம்ம்' என்று கீழே ஒரு முனகல் இருந்தால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், அநேகமாகப் போய்விடும். போனால் அந்த பிளக் பாயிண்டில் எர்த் சரியாக இல்லை என்று சந்தேகப்படலாம், எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். செல்போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுத் தள்ளி வையுங்கள்.

பதிவு முடிந்த பிறகு அதிகம் நோண்டாதீர்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 200 முதல் 300 வரை டப்பாவுக்குள் பேசுவது போல இருந்தால் கொஞ்சம் குறையுங்கள், சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்க மெல்லிய கம்ப்ரஷன், செயற்கை எதிரொலியாகக் கொஞ்சம் ரிவர்ப். மெத்தை வைத்து அறையின் எதிரொலியை அடக்கிய பதிவுக்கு ரிவர்ப் அழகாக உட்காரும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒலியை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) சுற்றிலும் சமப்படுத்திவிடுவதால் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி நசுக்க வேண்டிய அவசியமில்லை. மறுநாள் காலையில் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் வெளியிடுங்கள்.

கடைசியாக, எடுத்துவைக்கும் வேலை. 48 வோல்ட் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் கழித்து மைக் கேபிளைக் கழற்றுங்கள். கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாது, நம் ஊர்க் கடற்கரைப் பக்கத்து வீடுகளில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டால் சில மாதங்களில் 'சட சட' என்று பொரிய ஆரம்பிக்கும். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து சேர்த்து, மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மைக்கோடு போட்டு மூடிவையுங்கள்.